எங்கள் மகளுக்கு இளவெயில் என்று பெயர் வைத்த கதை

மகள் குறித்த தேதிக்கு முன்பே பிறந்துவிட்டாள். அதனால் பெயர் முடிவாகும் முன்பே ஆள் வந்தாயிற்று. தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும், அதில் நெருப்போ வெளிச்சமோ சூரியனோ இருக்க வேண்டும் என்று மட்டும் நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். பூவும் நிலாவும் எங்கள் உறவில் ஏற்கெனவே நிறைய இருந்தன.

முதலில் தெரிந்த பெயர்களை எல்லாம் எழுதிப் பார்த்தோம். கதிரவன், ஆதவன், பரிதி, தினகரன், பாஸ்கரன், திவாகர், ரவி, ஆதித்யா என்று பையன்கள் பக்கம் சட்டென்று நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கம் ஜோதி, தீபா, உஷா, அருணா, சுடர்விழி, சுடர்க்கொடி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. சூரியனை முழுசாகப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, பெண்களுக்கு விளக்கையும் விடியலையும் ஒதுக்கியிருக்கிறோம். என் மகளுக்குச் சூரியனில் பங்கு கிடையாதா?

மற்ற மொழிகளையும் கொஞ்சம் புரட்டினேன். ஐரிஷ் பெயரான ஏடனுக்குள் நெருப்பு இருக்கிறது, சாம்சனுக்குள் எபிரேயச் சூரியன், லூசியாவில் லத்தீன் ஒளி, பாரசீகத்தில் குர்ஷித் என்றாலே சூரியன். மனிதர்கள் எல்லா இடத்திலும் இந்த ஆசையோடுதான் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம். அவ்வளவுதான், அப்புறம் தமிழுக்கே திரும்பிவிட்டோம்.

நெருப்புச் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. எரி, அழல், தழல், கனல், அனல். ஒவ்வொன்றும் அழகு. எனக்குக் கனல் மிகவும் பிடித்திருந்தது. மனைவி சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கூப்பிடும்போதே கோபமா கூப்பிடுற மாதிரி இருக்குங்க." யோசித்தால் சரிதான். கண்ணில் கனல் பறந்தது, அனல் பறக்கப் பேசினார் என்றெல்லாம் இந்தச் சொற்களைச் சினத்தோடு சேர்த்தே பழகியிருக்கிறோம். அந்த வேகத்தைக் குழந்தையிடம் எதிர்பார்த்து வைக்கும் பெற்றோர் உண்டு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு வேண்டியது வேறு.

பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்து வைத்துக்கொண்டேன். பெயர்ப் பட்டியல்களில் ஒரு பெயருக்கு ஒரு பொருள்தான் போட்டிருப்பார்கள், அதுவும் நல்லதாகப் பார்த்து. அகராதியில்தான் மீதி தெரியும். கதிர் என்றால் ஒளிக்கீற்று, நெற்கதிர், நூல் நூற்கும் கதிர். மூன்றுமே நல்ல பொருள். பரிதி என்றால் சூரியன், வட்டம், சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவளையம். எல்லி என்ற பெயர் காதுக்கு இனிமையாக இருந்தது. எல் என்றால் ஒளி என்பதால் நம்பி எடுத்தோம். ஆனால் சங்கப் பாடல்களில் எல்லி இரவைக் குறித்தும் வருகிறது. வெய்யோன் சூரியன்தான், ஆனால் வெய்ய என்றால் கொடிய என்றும் பொருள். பட்டியலில் பிடித்த பெயர் எதுவானாலும் ஒரு முறை அகராதியில் பார்த்துவிடுங்கள்.

இதற்கிடையில் மகள் இன்குபேட்டரில் இருந்தாள். பிறந்த குழந்தைக்கு உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பச்சைக் குழந்தைகள் நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள மாட்டார்கள். பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குவார்கள். முன்கூட்டியே பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் கொழுப்பு மிகவும் குறைவு. கொஞ்சம் தேறியதும், நர்ஸ் என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லி, டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்டிருந்த மகளை நெஞ்சின் மேல் நேராகப் படுக்க வைத்தார். கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் இருந்த காலத்தில், 1978 வாக்கில் தொடங்கிய முறை. தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்களைத் தவளை மாதிரி மடக்கி, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார். "நீங்கதான் இப்ப ஹீட்டர். அசையாம உக்காருங்க சார்" என்றார். முதலில் சில்லென்றிருந்த அந்தச் சின்னப் பாதங்கள் மெல்ல மெல்ல என் தோலின் சூட்டுக்கு வந்தன. நெருப்பு வேண்டாம், கதகதப்புதான் வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் தெளிவானது.

தொல்காப்பிய உரியியலில் 'வெம்மை வேண்டல்' என்று ஒரு நூற்பா உண்டு. வெம்மை என்றால் விரும்புதல் என்பது அதன் பொருள். சூட்டுக்கும் ஆசைக்கும் ஒரே சொல்! இதை மனைவியிடம் சொன்னபோது, வெம்மையில் ஆரம்பித்து வெயில் வரை வந்து அவளேதான் சொன்னாள்: "இளவெயில்." சுடாத வெயில், காலையில் போய் நிற்கத் தோன்றும் வெயில். அதற்கு மேல் நாங்கள் தேடவில்லை.

என் அம்மாவுக்குத்தான் முதலில் ஏற்கவில்லை. "வெயில்னு யாராவது பொண்ணுக்குப் பேரு வைப்பாங்களாடா?" என்றார். நான் வாதம் செய்யவில்லை. குழந்தை வீட்டுக்கு வந்ததும் கையில் கொடுத்தேன். இப்போது வெயிலம்மா என்று கூப்பிடுவது அவர் மட்டும்தான், மற்றவர்களுக்கு இளா.

ஆங்கில எழுத்தில் எப்படி வரும் என்பதையும் பிறப்புச் சான்றிதழுக்குக் கொடுக்கும் முன்பே முடிவு செய்துவிட்டோம். பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே எழுத்துதான் தொடரும். பிறகு மாற்றுவது பெரிய வேலை. ஐ, எல், ஏ, வி, ஈ, ஒய், ஐ, எல் என்று எட்டே எழுத்து. தழல் என்று வைத்திருந்தால் ழகரத்துக்கு எழுதும் எழுத்தை வெளியூர்க்காரர்கள் ஸகரமாகப் படித்திருப்பார்கள். இதில் ளகரம் லகரமாகத் தேய்வதோடு சரி.

பரிதி என்ற பெயர் இன்னும் எங்கள் நோட்டில் சும்மாதான் இருக்கிறது. பெண்ணுக்கும் பையனுக்கும் பொருந்தும். தேடிக்கொண்டிருப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.