ஐந்தாம் நம்பர் நீலம்

நாற்பதைத் தாண்டிய பிறகு என் கண்ணுக்கு முதலில் தப்ப ஆரம்பித்தது நீலக் கோடுதான். கட்டட வரைபடம் போடுகிற ஆட்டோகேட் மென்பொருளில் ஐந்தாம் நம்பர் நீலம். நான் வரைகிற டிராயிங்கில் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் அந்த நிறம் கொடுத்த லேயரில்தான், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கில்தான், இருக்கும். மாலை ஆகிவிட்டால் திரை எது, கோடு எது என்று குனிந்து தேடிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த லேயரை நான்காம் நம்பர் சயானுக்கு மாற்றினேன். கண்ணுக்கு அவ்வளவு நிம்மதி. மறுநாள் பிரின்ட் எடுத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. குழாய்கள் எல்லாம் சுவர்க் கோட்டைவிட மெலிந்து, மயிரிழை போல விழுந்திருந்தன. எந்த நிறம் எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் சிடிபி கோப்பு ஒன்று வைத்திருந்தோம். அதில் கோட்டின் தடிமன் ஐந்துக்கு 0.5 மி.மீ., நான்குக்கு 0.18. சிடிபி முறையில் வேலை செய்யும்போது தாளில் கோடு எவ்வளவு தடிமனாக விழ வேண்டும் என்பதை அந்த நிற நம்பர்தான் தீர்மானிக்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. கண் வலியில் மறந்துவிட்டேன். எட்டுத் தாள்களையும் மறுபடி அடித்தோம்.

அதன் பிறகு கண்ணுக்காக லேயரின் நிறத்தில் கை வைப்பதே இல்லை, பின்னணியைத்தான் மாற்றுகிறேன். ஆப்ஷன்ஸில் டிஸ்ப்ளே, அதில் கலர்ஸ். நாம் வரைகிற இடமான மாடல் ஸ்பேஸில் முதலிலிருந்தே இருக்கும் பின்னணி, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 33, 40, 48 என்ற கருஞ்சாம்பல். அதை 0, 0, 0 ஆக்கி முழுக் கறுப்பாக வைத்தால் நீலம் கொஞ்சம் எழுந்து வரும். கொஞ்சம்தான். காரணம் நீலத்திலேயே இருக்கிறது. திரையில் வெள்ளையாகத் தெரியும் ஒளியின் பிரகாசத்தில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. இருட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற நிறத்தை இருட்டின் மேலேயே வரைந்தால் எப்படித் தெரியும்?

வெள்ளைப் பின்னணியில் நீலம் பளிச்சென்று நிற்கும், ஆனால் இரண்டாம் நம்பர் மஞ்சள் காணாமல் போகும். ஏழாம் நம்பர் மட்டும் பின்னணிக்கு ஏற்பக் கறுப்பாகவும் வெள்ளையாகவும் தானே மாறிக்கொள்ளும். அதனால் வரைவது கறுப்பில், குழாய்ப் பாதையைச் சரிபார்ப்பது வெள்ளையில் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, கலர் மங்கிப்போச்சு" என்று புதிதாக வந்த பிள்ளைகள் கூப்பிடும்போது பெரும்பாலும் அது நிறத்தின் கோளாறாக இருப்பதில்லை. யாரும் தவறிப்போய்த் திருத்திவிடாதபடி லேயர் லாக் ஆகியிருக்கும். லாக் ஆன லேயரை மென்பொருளே மங்கலாகக் காட்டும். எவ்வளவு மங்க வேண்டும் என்பதை லேயர் பேனலிலேயே கூட்டிக் குறைக்கலாம். விட்டு விட்டு வர வேண்டிய கோடு முழுக்கோடாகத் தெரிந்தால் அந்தத் துண்டுகளின் நீளத்தையும் இடைவெளியையும் கூட்டிக் குறைக்கும் எல்டிஸ்கேல் அளவைப் பார்த்து, திரையை மறுபடி வரையச் செய்யும் ரீஜென் ஒன்று கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கோட்டின் தடிமனைக் காட்டும் லைன்வெயிட்டை மாடல் ஸ்பேஸில் ஆன் செய்து பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே தடிமன் பிக்சல் கணக்கு. எவ்வளவு ஜூம் செய்தாலும் கோடு அப்படியேதான் இருக்கும். நான் இப்போதெல்லாம் பிளாட், அதாவது பிரின்ட், கொடுக்கும் முன் பிரிவ்யூவைத் திறந்து, குழாயும் சுவரும் பக்கத்தில் வருகிற ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். குழாய் தடித்துத் தெரிந்த பிறகுதான் ஓகே அழுத்துகிறேன்.