எங்கள் ஆய்வகத்து அட்டைத் தட்டு

பாளையங்கோட்டையில் நாங்கள் பாலிடெக்னிக் படித்த காலத்தில், ஆய்வகத்தில் விலைக்கு வாங்கிய என்கோடர் (தண்டு எவ்வளவு, எந்தத் திசையில் சுழல்கிறது என்பதைப் பல்ஸ்களாக, அதாவது மின்துடிப்புகளாகத் தரும் கருவி) கிடையாது. கருவியியல் ஆசிரியர், விளிம்பில் பிளவுகள் வெட்டிய அட்டைத் தட்டு ஒன்றைச் சிறு மோட்டாரில் பொருத்தி, ஒரு பிளவுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தில் கால் பங்கு விலகியிருக்குமாறு இரண்டு ஒளியுணரிகளை வைத்து, அவை தரும் ஏ, பி என்னும் இரு அலைவடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைபடத் தாளில் எங்களை வரையச் செய்தார். ஏ முந்தினால் ஒரு திசை, பி முந்தினால் மறுதிசை. இரண்டின் ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து எண்ணினால், 1000 பல்ஸ் தரும் என்கோடரிலிருந்து சுற்றுக்கு 4000 எண்ணிக்கை கிடைக்கும். தட்டு நின்ற இடத்திலேயே அதிரும்போது, ஒற்றைத் தடத்தை மட்டும் எண்ணும் கவுண்டர் ஏறிக்கொண்டே போக, இரு தடங்களையும் பார்ப்பது ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்து அங்கேயே நிற்பதை அவர் கையாலேயே ஆட்டிக் காட்டினார்.

அடுத்து ஒரு கணக்குப் போடச் சொன்னார். அதே 1000 பல்ஸ் என்கோடர் நிமிடத்திற்கு 1500 சுற்று சுழன்றால் விநாடிக்கு 25,000 பல்ஸ். அதாவது 40 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. இயந்திரங்களை நிரல்படி இயக்கும் தொழிற்சாலைக் கணினியான பி.எல்.சி. தன் நிரலை ஒருமுறை ஓட்டி முடிக்க 10 மில்லி விநாடி எடுத்தால், அதற்குள் 250 பல்ஸ்கள் கடந்துவிடும். ஆகவே எண்ணும் வேலை நிரலுக்கு வெளியே, தனி மின்சுற்றில் நடக்கிறது; நிரல் தன் முறை வரும்போது தொகையை மட்டும் வாசித்துக்கொள்கிறது. குறித்த எண்ணை எட்டியதும், நிரலுக்காகக் காத்திராமல் வெளியீட்டை இயக்கும் வசதியும் இவ்வாறு தனியே எண்ணும் அதிவேக கவுண்டர்கள் பலவற்றில் உண்டு. துணியையோ கம்பியையோ அளந்து வெட்டும் இயந்திரங்களுக்கு இதுவே உயிர்நாடி.

இன்று வெளிநாட்டுத் துறைமுகமொன்றில் கிரேன்களைப் பராமரிக்கும் எனக்கு, பெரும்பாலான கோளாறுகள் நிரலில் இருப்பதில்லை என்பதில் ஐயமில்லை. சாதாரண உள்ளீட்டு ஃபில்டர் சில மில்லி விநாடிக்கு வைக்கப்பட்டிருந்தால், அது மின் இரைச்சலோடு பல்ஸ்களையும் விழுங்கிவிடும். மோட்டார் கேபிளை ஒட்டியே என்கோடர் கேபிளையும் இழுத்திருந்தால் இல்லாத பல்ஸ்கள் சேரும். முறுக்கிய இணைக் கம்பியும், ஒழுங்காக எர்த் செய்த ஷீல்டும், ஒன்றுக்கொன்று எதிரான இரு சமிக்ஞைகளை அனுப்பும் லைன் டிரைவரும் இதற்காகவே.

பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் பணியாற்றும் நம் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்கோடரில் சுற்றுக்கு ஒருமுறை வரும் இசட் பல்ஸ் இருந்தால், அது வரும் ஒவ்வொரு தடவையும் தொகையைப் பதிந்து வையுங்கள். 1000 பல்ஸ் என்கோடர் ஒரே திசையில் சுழலும்போது அடுத்தடுத்த இரு பதிவுகளின் வேறுபாடு 4000 ஆக இருக்கவேண்டும். குறைந்தால் பல்ஸ் தவறுகிறது, கூடினால் இரைச்சல் நுழைகிறது.