கூர்பேயின் இருண்ட ஓடை

இந்தப் படத்தில் ஆளில்லை, மாடில்லை, ஒரு மான்கூட இல்லை. என் போனை எட்டிப் பார்த்த மருமகள், "என்ன மாமா, இதில ஒண்டுமே இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் கூஸ்தாவ் கூர்பே 1855இல் வரைந்த 'புயி-நுவார் ஓடை' இது. கிழக்குப் பிரான்சில் அவர் பிறந்த ஊரான ஒர்னானுக்குப் பக்கத்தில், பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இடம். படம் இப்போது வொஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. 104 சென்ரிமீற்றர் உயரம், 137 அகலம். பாரிஸில் பெயரெடுத்த பிறகும் மனுசன் இந்த இடத்தை விடவில்லை, திரும்பத் திரும்ப அதையே வரைந்தார். 1865இல் வரைந்த ஒன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதலில் பார்த்தால் ஒரே இருட்டு. கூர்பே வெள்ளைக் கித்தானில் தொடங்குகிறவர் அல்ல. முதலில் கருமையாகப் பூசிவிட்டு, வெளிச்சம் விழும் இடங்களில் மேலே நிறம் ஏற்றிக்கொண்டு வருவார். பாறை என்றால் பல இடங்களில் தூரிகையையே கீழே வைத்துவிடுவார். மேசன் சாந்தகப்பையால் சாந்து இழுப்பதுபோல, தட்டைக் கத்தியால் வண்ணத்தை அள்ளி இழுப்பார். அவருடைய சுண்ணாம்புப் பாறைகளின் சொரசொரப்பு அப்படி வந்ததுதான்.

வன்னியின் கனகராயன் ஆற்றங்கரையில் ஆவணி மாத மத்தியானம் நின்றவர்களுக்கு இந்த இருட்டை விளக்கத் தேவையில்லை. வெளியே வெட்டையில் கண் கூசும். மருதமரங்களுக்குள் இறங்கினால் சற்று நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாக வெளிவரும்: பட்டை உரிந்த அடிமரத்தின் வெளிர்சாம்பல், வேருக்கடியில் தேங்கிய தண்ணீர், அதில் மிதக்கும் சருகு. கண் பழகுகிற அதே ஒழுங்கில்தான் கூர்பேயும் வண்ணம் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எங்கட ஆற்றில் அந்தமாதிரி வெள்ளைப் பாறை இல்லை, மணல்தான். கோடையில் ஓட்டமும் நின்றுவிடும். அதனால் என்ன?

1866இல் இதேபோன்ற ஓர் ஓடைக்கரையில் மான்களை வைத்து வரைந்தார். பாரிஸ் சலோன் கண்காட்சியில் அதற்கு நல்ல வரவேற்பு. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மான் வந்ததும் கண் மானிலேயே நின்றுவிடுகிறது, ஓடை வெறும் பின்னணியாகிவிடுகிறது.

சரி, வொஷிங்டன் கலைக்கூடத்தின் இணையத்தளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். போனில் வேண்டாம், கணினியில் பாருங்கள். மரங்களை விட்டுவிட்டு முதலில் பாறைக்குப் போங்கள்.