மாமல்லபுரம்: ஒரே பாறை, இரண்டு விளக்கு

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தில் ஏறும் முன், அருகிலுள்ள சிவன் கோயிலைப் பார்த்துவிடுங்கள். மகிஷாசுரமர்த்தினி குகையின் தலைக்கு மேல், கருங்கல்லில் கட்டிய பல்லவர் கோயில் அது. ஒலக்கண்ணேஸ்வரர் என்று பலகையில் இருக்கும். 'உழக்கெண்ணெய் ஈசுவரர்' என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள். உழக்கு என்றால் கால் படி, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 340 மில்லி. விளக்குக்கு அளந்த எண்ணெயால் வந்த பெயராம். பெயர்க் கதை எப்படியோ, விளக்கு எரிந்தது உண்மை. 1887-இல் ஆங்கிலேயர் கப்பல்களுக்கான விளக்கை இந்தக் கோயிலின் கூரைமேல்தான் வைத்தார்கள். விமானத்தின் மேற்பகுதி இல்லாமல் கூரை தட்டையாக இருந்தது அவர்களுக்கு வசதி.

பக்கத்தில் நிற்கும் வட்டக் கோபுரம் இந்த ஊர்க் கல்லாலேயே எழுப்பியது. 1904 முதல் வேலை செய்கிறது. உயரம் 26 மீட்டர். இந்தக் கோபுரம் கடல் மட்டத்தில் நின்றிருந்தால், அந்த உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 18 கி.மீ. தொலைவில்தான். பூமியின் வளைவுக்கு அப்பால் எவ்வளவு பிரகாசமான விளக்கும் செல்லாது. அதனால்தான் பாறைமேல் கட்டினார்கள். குன்று தரும் உயரம் செலவில்லாத உயரம்.

பாதுகாப்புக் காரணத்தால் பல ஆண்டுகள் மூடிக்கிடந்த கோபுரம் 2011-இல் மக்களுக்குத் திறந்தது. டிக்கெட் தனி. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வாங்கிய சீட்டு இங்கே செல்லாது. மதிய இடைவேளை உண்டு என்பதால் உச்சி வேளையில் போய் நிற்காதீர்கள். போனாலும், செருப்பில்லாமல் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது.

உள்ளே சுழல் படி. போவோரும் வருவோரும் ஒரே படியில்தான். எதிரே கூட்டம் இறங்கினால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். மேலே போகப் போகக் குறுகி, கடைசிப் பகுதி செங்குத்தாகிவிடும். முதுகுப் பை அங்கே இடிக்கும், கீழேயே விட்டுவிடலாம். இறங்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். படியின் உள்பக்கம் கூம்பிப் போவதால் பாதம் முழுதாகப் பதியாது. சுவரோரமாக, அகலமான பக்கம் மிதித்து இறங்குங்கள். முழங்கால் வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் கீழே அருங்காட்சியகத்தைப் பார்த்தபடி காத்திருக்கலாம்.

மேல்மாடத்தில் காற்று தொப்பியைப் பறித்துவிடும். கிழக்கே கடற்கரைக் கோயில், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். இதெல்லாம் எல்லாரும் பார்ப்பதுதான். நேர் கீழே குனிந்து பாருங்கள். 1887-இன் விளக்கு நின்ற கோயில் கூரை அங்கே கிடக்கும், தட்டையாக.