வோபான் வரைந்ததா, வோபான் எழுதியதா? கவராயமும் சொற்கணக்கும்

ஆறு கொத்தளக் கோட்டையின் தரைப்படம் பென்சிலில் முடிந்துவிட்டது. மை போடுவதுதான் பாக்கி. ஏ2 தாள், 1:2000 அளவு. பக்கத்திலேயே இன்னொரு வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது: அதே கோட்டைக்காரரின் பெயரில் அச்சான நூல்களில் எது அவர் எழுதியது, எது இல்லை என்று சொற்களை எண்ணிப் பார்ப்பது. முதல் வேலைதான் இரண்டாவதில் கொண்டுபோய் விட்டது.

ஆள் செபாஸ்தியான் லு பிரேத்ர் த வோபான் (1633–1707). பதினான்காம் லூயியின் படைப் பொறியாளர். 1678 முதல் பிரான்சின் கோட்டைகள் அனைத்துக்கும் பொறுப்பாளர்.

முதலில் படம். "வோபானின் முதல் முறை" என்று பழைய பாடநூல்கள் சொல்லித்தரும் வழி இது. கோட்டையின் வெளிப்பக்கம் ஒவ்வொன்றும் 180 துவாஸ். ஒரு துவாஸ் ஏறக்குறைய 1.95 மீட்டர்; ஆகவே பக்கம் 351 மீட்டர், என் தாளில் 17.5 செ.மீ. அறுகோணத்தில் ஆரமும் பக்கமும் ஒன்றே என்பதால் வட்டம் போட்ட கவராயத்தின் விரிவை மாற்றாமலே சுற்றிவந்து ஆறு முனைகளையும் குறித்துவிடலாம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலிருந்தும் உள்நோக்கி, பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு நீளத்துக்கு ஒரு செங்குத்து. அதன் நுனிக்கு இரண்டு முனைகளிலிருந்தும் கோடு இழுத்து அப்படியே நீட்டிவிட வேண்டும். கொத்தளத்தின் முகம், அதாவது முனையில் சந்திக்கும் இரண்டு வெளிச்சுவர்களில் ஒன்று, இந்தக் கோட்டில்தான் அமைகிறது, பக்கத்தில் ஏழில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 50 துவாஸ். முகம் முடியும் இடம் தோள். ஒரு தோளில் கவராயத்தை ஊன்றி, எதிர்த் தோள் வரை விரித்து வில் போட்டால், அந்த வில் நீட்டிய கோட்டை வெட்டும் இடம் எதிர்க் கொத்தளத்து விலாச்சுவரின் (தோளிலிருந்து உள்நோக்கி வரும் பக்கச் சுவர்) அடி. இப்படிக் கிடைக்கும் இரண்டு அடிகளையும் இணைத்தால் நடுவே இடைமதில்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலாச்சுவர் 27 துவாஸ், இடைமதில் 76. ஒரு கொத்தளத்தின் முனையிலிருந்து அடுத்த கொத்தளத்து விலாவின் அடி வரை 135 துவாஸ், அதாவது 263 மீட்டர். உயிர்நாடி இந்தக் கடைசி எண்தான். விலாவில் நிற்கும் துப்பாக்கிக்காரன் பக்கத்துக் கொத்தளத்தின் முகத்தை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். சுவரடியில் எதிரி ஒளிய ஒரு முழ இடம்கூட இருக்கக் கூடாது.

ஏன் ஆறில் ஒன்று என்பது நாற்கோணத்தை வரைந்தபோதுதான் உறைத்தது. சதுரத்தில் அதே ஆறில் ஒன்றை வைத்தால் கொத்தளத்தின் முனை 53 பாகைக்குக் கூர்ந்துவிடுகிறது. அவ்வளவு கூரான கல்முனை குண்டடியில் சீக்கிரம் உதிரும். உள்ளே பீரங்கி வைத்துத் திருப்பவும் இடம் இருக்காது. 60 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். சதுரத்துக்குச் செங்குத்தை எட்டில் ஒன்றாகக் குறைத்தால் 62 பாகை. ஐங்கோணத்துக்கு ஏழில் ஒன்று, 76 பாகை. அறுகோணத்துக்கு ஆறில் ஒன்று, 83 பாகை. மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரம்போல் பாடநூலில் வருவது, கையால் வரைந்தால் தானாக விளங்குகிறது. இதற்காகவே எல்லோரும் ஒரு முறை சதுரத்தைத் தப்பான பங்கில் வரைந்து பார்க்கலாம்.

அகழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முனையைச் சுற்றி 20 துவாஸ் வில், அதிலிருந்து எதிர்த் தோளை நோக்கி ஒரு தொடுகோடு. அவ்வளவுதான்.

இனி இரண்டாவது வேலைக்கு வருகிறேன். மேலே சொன்ன படிகள் எதுவும் வோபான் அச்சிட்டுத் தந்தவை அல்ல. 1681இல் பாரிஸில் து ஃபே என்ற பாதிரியார் "வோபான் முறைப்படி" என்று ஒரு நூல் போட்டார். 1689இல் ஆம்ஸ்டர்டாமில் காம்ப்ரே என்பவரின் பெயரில் இன்னொன்று வந்தது. 1691இல் லண்டனில் ஆங்கில நூலும் வந்துவிட்டது. வோபான் அப்போது உயிரோடு, ஊர் ஊராகக் குதிரையில் கோட்டை பார்த்துக்கொண்டிருந்தார். முதல், இரண்டாம், மூன்றாம் முறை என்று மூன்றாகப் பிரித்ததும் பாடம் நடத்தியவர்களின் வசதிக்குத்தான். மூன்றாம் முறை என்பது நிலத்தில் இருப்பதே ஒரே ஒரு கோட்டையில், 1698இல் தொடங்கிய நஃப்-பிரிசாக்கில். ஒரே ஓர் உதாரணம் உள்ள விஷயத்தை முறை என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது.

நமக்கு ஒரே பெயரில் பல ஔவையார்கள் பழக்கம். வோபான் கதை இன்னும் ஒரு சுற்று கூடுதலாக முறுக்கிக்கொண்டது. அவர் கடைசிக் காலத்தில் வரிச் சீர்திருத்தம் பற்றி "அரச தசமபாகம்" என்ற நூலை எழுதி, அனுமதி வாங்காமல் அச்சிட்டார். 1707 தொடக்கத்தில் அரசு அதைத் தடைசெய்தது. மார்ச் 30இல் அவர் இறந்தார். அதே ஆண்டில், ரூவான் நகர அதிகாரி புவாகில்பேர் 1695இல் வெளியிட்டிருந்த "பிரான்சின் விவரம்" என்ற நூல், "வோபானின் அரசியல் உயில்" என்று பெயர் மாறி மறுபடி அச்சில் வந்தது. பிறகு வால்டேர் இதைத் தலைகீழாக்கி, தசமபாக நூலே புவாகில்பேர் எழுதியது என்று எழுதிவைத்தார். ஆக, எழுதாத நூல் வோபான் தலையில் ஏறியது. எழுதிய நூல் கையைவிட்டுப் போனது. இரண்டு முறையும் எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரே ஆள். சோதனை போட இதைவிட நல்ல ஜோடி கிடைக்குமா?

கைப்பிரதிகளும் கடிதங்களும் இருப்பதால் அறிஞர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. விடை தெரிந்த கணக்கு என்பதால்தான் எடுத்தேன். முறை எங்கே தடுக்கி விழுகிறது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

முறையின் அடிப்படை எளிது. பெரிய சொற்களை விட்டுவிட்டு, யாரும் கவனிக்காத சின்னச் சொற்களை எண்ண வேண்டும். இதற்குப் பேர்போன உதாரணம் மொஸ்டெல்லரும் வாலஸும் 1964இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையதா, மேடிசனுடையதா என்று வழக்கு இருந்தது. 'அப்பான்' (upon) என்ற ஆங்கில முன்னிடைச்சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூன்று தடவை அளவில் போடுகிறார். மேடிசனிடம் அது ஐயாயிரம் சொல்லுக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. இப்படிப் பல சொற்களைச் சேர்த்துப் பார்த்ததில் 12 கட்டுரைகளும் மேடிசன் பக்கம் போயின. 2002இல் ஜான் பர்ரோஸ் சொன்ன 'டெல்டா' இன்னும் சுலபம். அதிகம் வரும் சொற்கள் நூறோ இருநூறோ எடுத்து, ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, இரண்டு நூல்களுக்கும் இடையிலான வித்தியாசங்களின் சராசரியைப் பார்ப்பது. எக்செல்லிலேயே போடலாம். நான் 'ஸ்டைலோ' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன்.

எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. எண்ணுவதற்கு அது தடையில்லை. தமிழில் இதைச் செய்வதென்றால் உம், ஏ, ஐ, கு எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் அவற்றைப் பிரித்தாக வேண்டும். பிரெஞ்சில் சின்னச் சொற்கள் பெரும்பாலும் தனியாக நிற்கின்றன. மேற்குறி (') போட்டு ஒட்டிக்கொண்ட சிலவற்றை மட்டும் பிரித்துவிட்டேன்.

முதல் ஓட்டத்தை வேண்டுமென்றே எதையும் திருத்தாமல் விட்டேன். ஒத்த நூல்களை ஒரே கிளையில் சேர்த்துக் காட்டும் கிளைப்படம் ஒன்று வந்தது, பார்த்தால் சிரிப்பு. நூல்கள் ஆசிரியர்வாரியாகப் பிரியவே இல்லை. பழைய எழுத்துக்கூட்டலில் உள்ள பதிப்புகள் ஒரு கிளை, பிற்காலத்தில் எழுத்துக்கூட்டல் திருத்திய பதிப்புகள் இன்னொரு கிளை. பதினேழாம் நூற்றாண்டு அச்சில் 's' எழுத்து 'f' மாதிரி நீண்டிருக்கும். ஸ்கேன் செய்யும் மென்பொருள் அதை அப்படியே மாற்றிப் படித்துவிடும். இறந்தகால வினை முடிவுகளும் அன்று வேறு. அச்சுக்கோத்தவரின் கைதான் ஆசிரியரின் கையைவிட உரக்கப் பேசியது. நேரத்தில் பெரும்பகுதி எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவருவதிலேயே போனது. அலுப்பான வேலை, குறுக்கு வழி இல்லை.

நீளமும் முக்கியம். உரைநடையில் ஐயாயிரம் சொற்களுக்குக் குறைந்தால் இந்த முறையை நம்ப முடியாது என்று மாச்சேய் எதெர் என்ற ஆய்வாளர் சோதித்துக் காட்டியிருக்கிறார். அதனால் வோபானின் மிகச் சுவையான சிறு எழுத்து ஒன்றை ஒதுக்க வேண்டியதாயிற்று: ஒரே ஒரு பெண் பன்றியின் வம்சம் பத்துத் தலைமுறையில் 60 லட்சத்தைத் தாண்டும் என்று அவர் போட்ட கணக்கு. கோட்டை கட்டியவர் பன்றியையும் விடவில்லை.

திருத்திய பிறகு, தசமபாக நூலின் துண்டுகள் வோபான் 1696இல் தன் சொந்த வட்டாரமான வெசலே பற்றி எழுதிய விவரணையின் பக்கம் சாய்ந்தன. புவாகில்பேரின் துண்டுகள் தனியாக ஒதுங்கின. எதிர்பார்த்ததுதான், ஆனால் இதை வைத்து நான் குதிக்கவில்லை. வெசலே விவரணையும் தசமபாகமும் நிலம், விளைச்சல், வரி என்று ஒரே சரக்கு. இரண்டிலும் வீட்டுக்கணக்குபோல வரிசை வரிசையாகத் தொகைகள். ஒற்றுமை ஆளுடையதா, சரக்குடையதா? புவாகில்பேர் எழுதியதும் பொருளாதாரம்தான், ஆனால் அவர் வாதாடுகிறார், வோபான் அடுக்குகிறார். வகை வேறானால் சின்னச் சொற்களும் மாறும். போதாததற்கு, வோபானுக்கு எழுத்தர்கள் உண்டு. தசமபாக வேலையில் ராகோ த போமோன் என்ற பாதிரியாரும் உதவியிருக்கிறார். ஒரே பேனா என்று யார் சொன்னது?

இந்த இடத்தில்தான் ஒரு விபரீத ஆசை வந்தது: கோட்டைப் படத்திலும் இப்படி ஒரு கைரேகை தேடலாமா? செங்குத்தின் பங்கு, முகத்தின் பங்கு, விலாவின் சாய்வு எல்லாவற்றையும் அச்சான திட்டப்படங்களிலிருந்து அளந்து அட்டவணை போட்டுப் பார்த்தேன். தேறவில்லை. காரணம் யோசித்தால் தெளிவு. சின்னச் சொற்கள் வேலை செய்வதே, எழுதுகிறவர் அவற்றைக் கவனிக்காமல் போடுவதால். கோட்டையில் விகிதங்களைத்தான் எல்லோரும் முதலில் கவனிக்கிறார்கள், அதுவும் ஒரே பாடநூலைப் பார்த்து. விகிதம் விலகும் இடத்தில் விலக்கியது பாறையாகவோ ஆறாகவோ இருக்கிறது, பொறியாளரின் பழக்கமாக இல்லை.

கடற்கரைக்குப் போனால் இது இன்னும் மோசம். அங்கே அறுகோணமே அபூர்வம். ஜிரோந்து கழிமுகம் பிளாய் ஊருக்கு எதிரே மூன்று கிலோமீட்டருக்கு மேல் அகலம். ஒரு கரையிலிருந்து சுடும் பீரங்கி மறுகரையை எட்டாது. அதனால் ஒரு கரையில் பிளாய் கோட்டை, மறுகரையில் மெதோக் கோட்டை, நடுத்தீவில் பாத்தே என்ற சிறு கோட்டை என மூன்றாக வைத்துக் கப்பல் வழியை அடைத்தார்கள். ஒலெரோன் தீவுக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் லூவுவா கோட்டை குதிரை லாட வடிவம். அதற்குப் போகும் பாதை ஏற்றநீரில் மூழ்கிவிடும். இவற்றின் கட்டுமானத்தில் வோபானோடு பேசப்படும் பெயர் பிரான்சுவா ஃபெரி. சென்-மாலோவின் கடற்பாறைக் கோட்டைகளுக்கு சிமெயோன் கரான்ஜோ. காமரே கோபுரம் 1693இல் தொடங்கி 1696இல் முடிந்தது. இடையில் 1694 ஜூன் 18இல் ஆங்கிலேய-டச்சுப் படை அங்கே இறங்கியபோது அதை விரட்டிய பிரெஞ்சுப் படைக்கு வோபானே தலைமை. அப்படியிருந்தும் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டவர் வேறொரு பொறியாளர். இந்தக் கோபுரம் உட்பட 12 இடங்களை யுனெஸ்கோ 2008இல் வோபான் பெயரிலேயே பட்டியலில் சேர்த்தது. பெயர்ப்பலகைக்கு ஒரு பெயர் போதும், எனக்குப் போதவில்லை.

எனவே கோட்டைகளுக்கு அளவு எண்ணுவதைக் கைவிட்டு, வேறு அட்டவணை தொடங்கியிருக்கிறேன். யோசனை யாருடையது, படம் யாருடையது, கட்டியது யார், நடுவில் மாற்றியது யார் என்று நான்கு கட்டம். கடிதங்களையும் குறிப்புகளையும் படித்து நிரப்ப வேண்டும். வோபான் தன் கைப்பிரதிகளைப் பன்னிரண்டு தொகுதிகளாக விட்டுப்போனார், அவற்றின் முழுப் பதிப்பு 2007இல் வந்துவிட்டது. என் பிரெஞ்சுக்கு இது மெதுவாகத்தான் நகரும். சொற்கணக்கிலும் அடுத்த ஓட்டத்துக்கு முற்றுகை பற்றிய அவருடைய எழுத்தைச் சேர்க்கிறேன். சரக்கு வரியிலிருந்து வெடிமருந்துக்கு மாறும்போதும் துண்டுகள் ஒட்டி நிற்கின்றனவா என்று தெரியும்.

வரைபலகையில் அடுத்தது சென்-வாஸ்த்-லா-ஊக். 1692 கடற்போரில் பிரெஞ்சுக் கப்பல்கள் கரையோரம் எரிந்த பிறகு, 1694இல் பெஞ்சமின் த கோம்ப் கட்டிய இரண்டு கோபுரங்கள். இரண்டும் கூம்பு, தரைப்படத்தில் வட்டம். பாகை பார்க்கும் வேலை இல்லை.