எம்ஜிபி ஜிடி: ஷாக்கும் ஸ்பிரிங்கும்

1972 மாடல் எம்ஜிபி ஜிடி, அதாவது பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் நிலையான கூரை வைத்த வகை. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலைத் தயாரிப்பு, குரோம் பம்பர் கார். எஞ்சின் வேலை முடிந்ததால் இந்தக் குளிர்காலத்தை சஸ்பென்ஷனுக்கு ஒதுக்கினேன். மேட்டில் ஏறி இறங்கினால் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கும். வளைவின் நடுவில் பள்ளம் வந்தால் பின்சக்கரங்கள் பக்கவாட்டில் தாவும்.

எம்ஜிபி வைத்திருப்பவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "பழைய லீவர் ஷாக்கைக் கடாசிட்டு டெலஸ்கோப்பிக் போடு, ஸ்பிரிங்கை ஒரு அங்குலம் இறக்கு." டெலஸ்கோப்பிக் என்றால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் வகை ஷாக். பார்சல் வந்ததும் மாட்டிவிடலாம்தான். ஆனால் இருக்கிற பாகத்தில் எது கெட்டது என்று தெரியாமல் புதுசுக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை.

எம்ஜிபிக்கு 1962 முதல் 1980 வரை நான்கு மூலையிலும் ஆர்ம்ஸ்ட்ராங் லீவர் ஷாக்தான். வார்ப்பிரும்பு போல் கனமான ஒரு பெட்டி, உள்ளே பிஸ்டன்களும் எண்ணெயும், வெளியே ஒரு கை. சக்கரம் ஏறி இறங்கும்போது கை ஆடும், எண்ணெய் சின்ன வால்வு வழியாகப் புகுந்து போகும், அந்தத் தடைதான் ஆட்டத்தை அடக்குகிறது. முன்பக்கத்தில் இந்தக் கைதான் மேல் விஷ்போனும்கூட, அதாவது சக்கரத்தை மேல்பக்கம் பிடித்திருக்கும் கை. அதனால் முன்னால் டெலஸ்கோப்பிக் போட்டாலும் பழைய ஷாக்கைக் கீல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மேல் கை முழுவதையும் மாற்ற வேண்டும். பின்னால் வேலை சுலபம்: சேஸிஸில் இரண்டு போல்ட், ஆக்சிலுக்கு ஒரு லிங்க், அவ்வளவுதான்.

முதலில் அளவு. சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்தேன். முன்னால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்று. பின்னால் வலது பக்கம் இடதைவிட 15 மி.மீ. தாழ்வு. ஓட்டுநர் உட்காரும் பக்கம், ஐம்பது வருஷச் சுமை.

அடுத்து பின் ஷாக்கின் லிங்கைக் கழற்றிவிட்டு கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். நல்ல ஷாக் இரு திசையிலும் ஒரே சீராக எதிர்த்துத் தள்ள வேண்டும். இடது பக்கம் அப்படித்தான் இருந்தது. வலது பக்கம் நடுவில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் போய், அப்புறம்தான் பிடித்தது. எண்ணெய் குறைந்து காற்று புகுந்ததன் அடையாளம் அது. மூடியைச் சுற்றியிருந்த மண்ணை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, லேசான ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றி, காற்று வெளியேறும் வரை கையை ஆட்டினேன். பிரேக் ஆயில் மட்டும் ஊற்றவே கூடாது. விளிம்பு வரை நிரப்பவும் கூடாது, கொஞ்சம் இடம் விட வேண்டும். எதிர்ப்பு திரும்பியது. ஆனால் மறுநாளே தண்டின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு. தண்டு தேய்ந்துவிட்டால் எத்தனை முறை ஊற்றினாலும் இதே கதைதான்.

பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு வருடாந்தர எம்ஓடி (சாலைத் தகுதி) சோதனை கட்டாயமில்லை. ஒழுகும் ஷாக்கைப் பிடிக்க வேறு யாரும் வரப்போவதில்லை, நாமே பார்த்தால்தான் உண்டு.

ஸ்பிரிங் விஷயத்தில்தான் கேட்டலாக் ஆளைக் குழப்பும். "இத்தனை பவுண்டு/அங்குலம்" என்று போட்டிருப்பார்கள், ஸ்பிரிங்கை ஒரு அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு வேண்டும் என்ற விறைப்பு அளவு அது. முன்பக்க காயில் ஸ்பிரிங் கீழ் விஷ்போனின் மேல், உள்பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அது சரியாக நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், சக்கரம் 2 அங்குலம் ஏறும்போது ஸ்பிரிங் 1 அங்குலம்தான் அமுங்கும். அமுங்குவதும் பாதி, அந்த விசையில் சக்கரத்துக்குப் போவதும் பாதி. ஆகவே சக்கரத்துக்குக் கிடைக்கும் விறைப்பு பாதிகூட இல்லை, கால்வாசி. பின்னால் ஆக்சில் நேராக கமான் பட்டையின் மேலேயே உட்காருகிறது, அங்கே முழு விறைப்பும் சக்கரத்துக்கு. ஆகவே முன் எண்ணையும் பின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. காயிலின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும்: தடிமன் 5 சதவீதம் கூடினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்பிரிங் ஓட்டும்போது வேறு வேறாக இருப்பது இதனால்தான். போதாததற்கு ஜிடிக்கு ஒன்று, திறந்த கூரை ரோட்ஸ்டருக்கு ஒன்று. 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது காரையே உயர்த்தினார்கள், அதற்கு வேறு. கார் எது என்று உறுதி செய்யாமல் ஆர்டர் போடாதீர்கள்.

இறக்கும் ஸ்பிரிங்கை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். இறக்கினால் பம்ப் ஸ்டாப்புக்கு (சஸ்பென்ஷன் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) உள்ள இடைவெளி குறைகிறது. எங்கள் பக்கத்துச் சாலைகளில் இருக்கும் குழிகளுக்கு அந்த இடைவெளி முழுவதும் வேண்டும். டெலஸ்கோப்பிக் போட்ட நண்பரின் காரிலும் போய்ப் பார்த்தேன். பெரிய மேடுகளில் அருமை, சின்னச் சின்ன அலைகளில் பின்பக்கம் துள்ளியது. மென்மையான பட்டைக்கு அந்த ஷாக் அதிகம் என்று எனக்குப் பட்டது. பந்தய மைதானத்துக்குப் போகிறவர் கணக்கு வேறு.

முன் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஜாக்கியை ஸ்பிரிங் பேனுக்கு (ஸ்பிரிங் உட்காரும் தட்டு) அடியில் கொடுத்து, காயிலுக்குள் சங்கிலி கோத்து, மேல் போல்ட்டை எடுத்துவிட்டு, மிக மெதுவாக இறக்க வேண்டும். பிரேக் ஹோஸில் எடை தொங்கக் கூடாது. இரண்டு காயிலையும் மேஜையில் நிற்க வைத்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன்: ஒரே உயரம், விரிசல் இல்லை. சுத்தம் செய்து அதையே திருப்பி மாட்டினேன். கீழ் விஷ்போனில் மட்டும் எம்ஜிபி ஜிடி வி8-இல் வந்த உலோகம் ஒட்டிய புஷ், நான்கு மூலைக்கும் புதுப்பிக்கப்பட்ட லீவர் ஷாக், பின்னால் ஸ்டாண்டர்ட் உயரப் பட்டை ஜோடி.

பட்டையின் கண்களில் இருக்கும் ரப்பர் புஷ் நட்டுகளை, சக்கரம் தொங்கும்போது முறுக்கிவிட்டால் கார் இறங்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். கையால் மட்டும் பிடிக்க வைத்துவிட்டு, காரைத் தரையில் இறக்கி, கொஞ்சம் அமுக்கி ஆட்டி, அதன் பிறகே முழு முறுக்கு.

இப்போது மேட்டில் இறங்கினால் ஒரே ஆட்டத்தில் அடங்குகிறது. வளைவில் பள்ளம் வந்தால் சத்தம் கேட்கிறது, கார் நகரவில்லை. புதுப் பட்டை இன்னும் சற்று உயர்ந்தே நிற்கிறது. கொஞ்சம் ஓட்டிப் பதிந்ததும், பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, உயரத்தை அளந்து, முன்சக்கர அலைன்மென்ட்டுக்குக் கொடுக்க வேண்டும்.