தீர்க்கரேகையை யார் சரிபார்ப்பது?

இளம் விமானிகளுக்குப் புறப்பாட்டு ஆயத்தங்களைக் கற்பிக்கும் பணியில் நான் மிகுதியாக வலியுறுத்துவது, விமானம் நிறுத்துமிடத்தில் நிற்கும்போதே அதன் இருப்பிடத்தைக் கணினியில் பதியும் அந்தச் சில நொடிகளைத்தான். விமானத்தின் அசைவை அளந்து அதன் இருப்பிடத்தைக் கணக்கிடும் ஐ.ஆர்.எஸ். கருவி, புவியின் ஈர்ப்பையும் சுழற்சியையும் அளந்து, வடக்கு எது, தான் எந்த அட்சரேகையில் நிற்கிறது என்பதைத் தானே கண்டறியும். தீர்க்கரேகையை மட்டும் அதற்கு வெளியிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட ஏ330 விமானத்தில் பிழை நுழைந்தது இந்த இடத்தில்தான். காதுக்கவசம் கிடைக்காததால், வெளியே சென்று விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் வேலையைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டு, அவர் செய்யவேண்டிய பதிவுகளைக் கேப்டனே செய்தார். 15109.8 கிழக்கு என்று பதிய வேண்டியதை 01519.8 என்று பதிந்துவிட்டார். இவ்விரு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால், வேறுபாடு உண்டு என்று தெரிந்து பார்ப்பவர்கள்கூடச் சற்றுத் தயங்கித்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். முன்னது 151 டிகிரி; பின்னது வெறும் 15 டிகிரி. கேப் டவுனுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில், 11,000 கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்பதாகக் கணினி எடுத்துக்கொண்டது. மேலெழுந்து, விமானத்தைத் தானே செலுத்தும் தானியங்கியை இணைத்ததும் விமானம் இடப்பக்கம் விலகி, பக்கத்து ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதையைக் குறுக்கே கடந்தது. சிட்னியில் மேகமூட்டம் இருந்ததால் மெல்போர்னுக்குச் சென்று தரையிறங்கினர், யாருக்கும் காயமில்லை.

புறப்படுமுன்பே எச்சரிக்கைகள் பல தோன்றியிருந்தன என்பதுதான் ஆஸ்திரேலியப் புலனாய்வு அறிக்கையில் என்னை மிகவும் வருத்திய செய்தி. கணினி மேம்படுத்தப்பட்டிருந்தால் பிழை தடுக்கப்பட்டிருக்கும் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. அது சரியே, ஆனால் பழைய கணினியுடன் பறப்பவர்களுக்கு அது துணையாகாது.

கண்முன் இருக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காததற்கு இன்னொரு எடுத்துக்காட்டும் உண்டு: 2006 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் லெக்சிங்டனில் புறப்பட முயன்ற விமானம் விபத்துக்குள்ளாகி 49 உயிர்கள் போயின. 7,003 அடி நீளமுள்ள 22-ஆம் ஓடுபாதைக்குப் பதிலாக, விளக்கே எரியாத 3,500 அடி ஓடுபாதையில் விமானம் ஓடியது. சரியான ஓடுபாதையில் 227 டிகிரியை ஒட்டி நிற்கவேண்டிய திசைகாட்டி 266-ஐக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே, இரண்டாமவர் முதலாமவரின் திரையைப் பார்த்து ஆமோதிப்பதைச் சரிபார்ப்பாக நான் ஏற்பதில்லை. அவர் வரைபடத்தை எடுத்து, நிறுத்துமிடத்தின் தீர்க்கரேகை எண்ணை அதிலிருந்து தாமே உரக்கப் படிக்க வேண்டும்; திரையிலுள்ள எண்ணை மற்றவர் படிக்க வேண்டும்; அதன்பின் முதல் வழிப்புள்ளிக்கு, அதாவது பாதையில் விமானம் முதலில் கடக்கவேண்டிய குறியிடத்துக்கு, உள்ள தூரத்தை இருவரும் பார்க்க வேண்டும். அந்தத் தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டராக இருந்தால், எத்தனை தாமதமானாலும் விமானம் நகரக்கூடாது.